கடன் வாங்கிய நம்பிக்கை

மைக்கேல் கிரைட்டனின் 'தி ஆண்ட்ரமீடா ஸ்ட்ரெய்ன்' (1969) பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சில நண்பர்களுக்கு உவப்பாயிராது. ரயிலில் படித்துவிட்டு ஸீட்டிலேயே விட்டுப்போகிற ரகம்தானே, இதற்கெதற்கு விமர்சனம் என்பார்கள். விஞ்ஞானம் படித்த இன்னொரு சாரார் அதிலுள்ள பிசகுகளை விரல்விட்டு எண்ணிக் காட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இரு சாராருமே நாவலை நாவலாகப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கதையில் வரும் தவறான தகவல் வேறு. கதை தனக்குத் தானே செய்துகொள்ளும் துரோகம் வேறு. முதலாவதைப் பெரும்பாலும் காலம் செய்கிறது. இரண்டாவதற்கு எழுதியவனே பொறுப்பு.

வெல்ஸிடம் போனால் இது தெளிவாகும். 1898-ல் புத்தகமாக வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' செவ்வாயில் அறிவுமிக்க ஜீவன்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. 1965-ல் மரைனர் 4 அனுப்பிய படங்களில் பள்ளங்கள் நிறைந்த தரைதான் தெரிந்தது. வெல்ஸின் செவ்வாய் அன்றோடு போயிற்று, நாவல் போகவில்லை. பூமியை ஜெயித்த செவ்வாய்க்காரர்கள் கடைசியில் சாதாரணக் கிருமிகளால் சாகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அந்தரத்திலிருந்து குதித்த முடிவுதான். ஆனால் முதல் பாராவைத் திருப்பிப் பாருங்கள்: மைக்ராஸ்கோப்பில் நுண்ணுயிர்களை மனிதன் பார்ப்பதுபோல் செவ்வாய்க்காரர்கள் நம்மைப் பார்த்தார்கள் என்ற உவமை அங்கே இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் செவ்வாயில் நோய்க்கிருமிகளே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறார். உவமையாக வந்த கிருமி முடிவில் நிஜமாக வருகிறது. வாசகன் ஏமாற்றப்படவில்லை, தான் கவனிக்காமல் விட்டதைத்தான் உணர்கிறான்.

கிரைட்டனிடமும் கிருமிதான். அரிஸோனாவில் பீட்மான்ட் என்ற சிற்றூரில் ராணுவத் துணைக்கோள் ஒன்று விழுகிறது. ஊரே ரத்தம் உறைந்து சாகிறது. ஒரு கிழவரும் ஒரு கைக்குழந்தையும் மட்டும் பிழைக்கிறார்கள். நெவாடாவில் பூமிக்கடியில் ஐந்து தளங்கள் கொண்ட சோதனைச்சாலையில் நான்கு விஞ்ஞானிகள் கிருமியை ஆராய்கிறார்கள். கிருமி வெளியேற நேர்ந்தால் அந்த இடத்தையே அழிக்க அணுகுண்டு ஒன்று அடியில் காத்திருக்கிறது. இந்தக் கிருமியோ சக்தியை உண்டு வளர்வது; குண்டு வெடித்தால் அதற்கு விருந்து. பாதுகாப்புக்கென்று வைத்ததே பேராபத்தாக மாறும் இந்த அமைப்பு அசலான கற்பனை. டெலிபிரின்டரின் மணிக்கும் அதை அடிக்கும் சுத்திக்கும் நடுவில் ஒரு காகிதத் துணுக்கு சிக்கி, முக்கியமான செய்தி வந்தது தெரியாமலே போகிற இடமும் அப்படித்தான். இத்தனை கோடி செலவில் எழுப்பிய அறிவுக் கோட்டை ஒரு காகிதத் துணுக்கில் தடுக்கி விழுகிறது. அலுவலகத்தில் வேலை பார்த்தவன் எவனும் இதை நம்புவான்.

ஓட்டை இதற்கப்புறம்தான். கிழவரும் குழந்தையும் எப்படிப் பிழைத்தார்கள் என்பது நாவலின் மையப் புதிர். ரத்தத்தின் அமில-கார அளவு சாதாரணமாயிருந்தால்தான் கிருமி வாழும். ஆஸ்பிரினும் எரிசாராயமும் குடித்த கிழவரின் ரத்தம் அமிலமாயிருந்தது, அழுதுகொண்டேயிருந்த குழந்தை வேகமாக மூச்சு விட்டதில் அதன் ரத்தம் காரமாயிருந்தது என்பது விடை. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் செத்த வீட்டில் தனியாகக் கிடந்த குழந்தை ஓர் இரவுக்கு மேல் ஒரு நிமிஷமும் ஓயாமல் அழுததா? அயர்ந்து தூங்கியிருந்தால் மூச்சு நிதானப்பட்டு ரத்தம் பழைய அளவுக்கு வந்திருக்கும். கிருமிக்கு அது போதும். பிள்ளை வளர்த்த எந்தத் தாயும் கேட்கக்கூடிய இந்தக் கேள்வி நாவலுக்குள் இருக்கும் நான்கு மேதைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது முடிவு. கிருமி தானாகவே திரிந்து மனிதனுக்குக் கெடுதலற்றதாகிவிடுகிறது. சோதனைச்சாலைக்குள் அடைபட்டதும் திரிகிறது, வெளியே காற்றில் அலைவதும் திரிகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களிலுள்ள உயிர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே சாதுத் திசையில் மாறுவதற்கு நாவலில் காரணம் கிடையாது. ரப்பர் அடைப்புகளைத் தின்றுவிட்டு அது ஆகாயத்துக்குப் போய்விடுகிறது.

மனிதனின் அறிவு எவ்வளவு அற்பம், அதிர்ஷ்டம்தான் காப்பாற்றுகிறது என்பதே நாவலின் செய்தி என்று ஒரு நண்பர் வாதிட்டார். வாதம் வலுவானது. அப்படியானால் அந்த வெறுமையை நாவல் அனுபவமாக்கியிருக்க வேண்டும். நடப்பதென்ன? ஹால் என்ற சர்ஜன் மயக்க ஊசிகள் உடம்பில் தைக்கத் தைக்க ஏணியேறிக் குண்டைச் செயலிழக்கச் செய்கிறான். அவன் உலகத்தைச் சோதனைச்சாலையிடமிருந்து காப்பாற்றினானே தவிர, கிருமியிடமிருந்து யாரும் யாரையும் காப்பாற்றவில்லை. இந்த இரட்டை நிலையில்தான் ஒரு பெரிய நாவல் ஒளிந்திருந்தது. கிரைட்டன் அதை ஒன்றிரண்டு பக்கத்தில் கைகழுவுகிறார். விஞ்ஞானம் என்று சொல்லி வாங்கிய நம்பிக்கையை அற்புதமாகத் திருப்பித் தருகிறார்.

வாசகன் ஏன் இதைக் கேட்பதில்லை? அதற்குக் காரணம் உருவம். முன்பக்கத்தில் நன்றியுரை, நடுவே கம்ப்யூட்டர் தாள்கள், தசம எண்களோடு அட்டவணை, கடைசியில் கற்பனைக் கட்டுரைகள் கலந்த ஆதார நூல் பட்டியல். வங்கியில் பேரேடு பார்த்துப் பிழைக்கிறவன் நான். பொய்க் கணக்குக்கு வவுச்சர்கள் எப்போதும் சற்று அதிகச் சுத்தமாகவே இருக்கும்.

இதே உத்திதான் 'ஜூராஸிக் பார்க்'கிலும் (1990). டைனோஸர்கள் தப்பாமலிருக்க அவற்றால் லைஸினைத் தயாரிக்க முடியாதபடி செய்துவிட்டதாகப் பெருமைப்படுகிறார்கள். முதுகெலும்புள்ள எந்தப் பிராணியாலும் லைஸின் தயாரிக்க முடியாது. நாமும் சாப்பாட்டிலிருந்துதான் பெறுகிறோம். பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி தொலைந்த கதை. ஆனால் அதே நாவலில், 238 பிராணிகளைத் தேடச் சொன்ன கம்ப்யூட்டர் 238 கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்திக்கொள்கிறது. அதற்கு மேல் பிறந்தவை கணக்கிலேயே வருவதில்லை. எதிர்பார்த்ததை மட்டும் எண்ணுகிற மனம் அங்கே பிடிபடுகிறது. கிரைட்டனுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

கதைதானே என்று இதை விட்டுவிட முடியாமல் செய்தது பின்னால் நடந்தது. 2004-ல் வந்த 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' நாவலில், பூமி வெப்பமடைவது பற்றிய அச்சத்தை மிகைப்படுத்தப்பட்டதாகக் காட்ட கிரைட்டன் அடிக்குறிப்புகளும் வரைபடங்களும் சேர்த்தார். இம்முறை ஆதாரங்கள் நிஜமானவை. அவற்றைப் பயன்படுத்திய விதம்தான் கோணல். அண்டார்டிகாவில் சில பகுதிகள் குளிர்ந்ததைக் கண்டறிந்த பீட்டர் டோரன் என்ற விஞ்ஞானி, தம் ஆய்வு இந்த நாவலிலும் பிற இடங்களிலும் திரித்துக் காட்டப்படுவதாக 2006-ல் நியூயார்க் டைம்ஸில் எழுத வேண்டியிருந்தது. அதற்குள் 2005-லேயே அமெரிக்க செனட் குழு ஒன்று நாவலாசிரியரைச் சாட்சியாக அழைத்துக் கேட்டுவிட்டது. 1969-ல் உத்தியாக இருந்தது அதிகாரமாகிவிட்டது. வாசகன் ஓட்டைகளைக் கேட்காமல் பழகிப்போனதன் விலை இது.

நம் சிறிய வட்டம் இதில் ஒதுங்கி நிற்க நியாயமில்லை. நம்மிடம் அட்டவணைகள் கிடையாது. அதற்குப் பதில் அடர்த்தியான நடை இருக்கிறது, மௌனம் இருக்கிறது. நூறு பக்கம் ஒருவனின் மனச்சிக்கலைச் சொல்லிவந்து, அவிழ்க்க முடியாத இடத்தில் ஒரு லாரியைக் கொண்டுவந்து அவன்மேல் ஏற்றுகிறோம். அதற்கு வாழ்க்கையின் அபத்தம் என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம். அந்த லாரி முதல் பக்கத்தில் எங்கே நின்றுகொண்டிருந்தது என்று கேட்கத்தான் விமர்சகன் இருக்கிறான்.