இனாமா, பங்கா?

ஆலைத் தொழிலாளர் போனஸ் கேட்டு வேலைநிறுத்த அறிவிப்புத் தந்ததும், சில ஏடுகளுக்கு உபதேசம் ஊற்றெடுக்கிறது. பண்டிகை வேளையில் இந்தப் பிடிவாதம் தகுமா என்கின்றன. 'தீபாவளி போனஸ்' என்ற பெயரே அந்த உபதேசத்துக்கு அடித்தளம். நரகாசுரன் மாண்டதற்கும் மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலையின் இலாபத்துக்கும் என்ன உறவு? பண்டிகையோடு முடிச்சுப் போட்டார்கள். உரிமை இனாமாயிற்று, கேட்பவன் இரவலன் ஆனான், கொடுப்பவன் வள்ளலானான்!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை, தோழர்களே. 1965ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்த அளவாக 4 விழுக்காடு வைத்தது; 1972இல் அது 8.33 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அது. நட்டம் வந்தாலும் தரவேண்டும். எனவே அது இனாமன்று, தள்ளிவைத்த கூலி. அதையும் 1975இல், நெருக்கடிநிலையின்போது, ஓர் அவசரச் சட்டத்தால் 4 விழுக்காடாக வெட்டினார்கள். ஜனதா ஆட்சி வந்த பிறகே, 1977இல், பழைய அளவு மீண்டது.

ஆனால் சட்டத்தையும் நாம் மெச்சுவதற்கில்லை. அது கட்டாயப்படுத்தும் உச்சம் 20 விழுக்காடு. அந்த 20ஐயும் முழுச் சம்பளத்தின் மீது கணக்கிடுவதில்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி மாதம் ரூ. 7,000, அல்லது அத்தொழிலுக்குரிய குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் மிகுதியானதே வரம்பு. ஏழாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, அதில் ஐந்தில் ஒரு பங்கு காணுங்கள்: 16,800. தமிழக அரசு 2024இல் பொதுத்துறைத் தொழிலாளர்க்கு அறிவித்த உச்சத் தொகை அதுவே. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பிலும் 8.33, 20 என்ற இரு எண்களும் அப்படியே இருக்கின்றன. இலாபத்துக்குக் கூரை இல்லை. பங்குக்கு மட்டும் கூரை!

நாஞ்சில் நாட்டுக் களத்தில் அறுத்தவன் கண்ணெதிரே பொலி குவிந்திருக்கும். மரக்கால் விழும் ஓசை அவன் காதில் கேட்கும். கொத்து குறைந்தால் அங்கேயே வாய் திறக்கலாம். (நிலக்கிழார் எல்லாரும் நேர்மையாக அளந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை.) ஆலையில் பொலியைக் கண்ட தொழிலாளி எத்தனை பேர்?

தென்கொரியாவில் சாம்சங் தொழிலாளர் 2024 சூலையில் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு, போனஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் தெளிவாக்கச் சொன்னார்கள். மறு ஆண்டே அந்நாட்டின் எஸ்.கே. ஹைனிக்ஸ் நிறுவனம், உச்சவரம்பை நீக்கி, செயல்பாட்டு இலாபத்தில் 10 விழுக்காட்டைத் தொழிலாளர் பங்காக ஒதுக்க உடன்பட்டது. அதே சாம்சங்கின் திருப்பெரும்புதூர் ஆலையிலோ, கணக்குக் கேட்பது இருக்கட்டும், கேட்பதற்கென ஒரு சங்கம் வேண்டும் என்பதற்கே 2024இல் 37 நாள் வெளியே நிற்க நேர்ந்தது. அச்சங்கம் பதிவானது 2025 சனவரியில்.