‘ஆள்’ எனுஞ் சொல்: கீழைக் கிறித்துவக் கோட்பாடொன்றன் ஆராய்ச்சி
கிறித்துவ ஒழுக்கமாவது விதிவிலக்குகளின் தொகுதியன்று, வழிபாட்டிற் பிறக்கும் வாழ்க்கை முறையே என்று நாட்டினார் கிரேக்க அறிஞர் கிறிஸ்தோஸ் யன்னராஸ். அவர் நூல் 1970இல் கிரேக்கத்திலும் 1984இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. இதற்கு அணித்தான தத்துவத்தைப் பெர்கமோன் பேராயர் யோவான் சிசியூலாஸ் 1985இல் ஆங்கிலத்தில் வந்த தம் நூலில் விரித்தனர்.

ஆள் வேறு, தனியொருவன் வேறு என்பது இக்கொள்கையின் உயிர்நிலை. தன்னைக் காத்தலே தொழிலாக நிற்பவன் தனியொருவன். இறைவனோடும் பிறரோடும் உறவிற் கலந்தவிடத்து அவன் ஆளாகின்றான். அவ்வுறவு கைகூடுமிடம் அப்பமும் இரசமும் பகிரும் வழிபாடு. பிறப்பால் வரும் இருப்பொன்று, சபையால் வரும் இருப்பொன்று எனச் சிசியூலாஸ் வகுப்பர்.

இதன்கண் நலமுண்டு. மலங்கரைச் சபையின் குர்பானாவிற் பீடத்தினின்று தொடங்குஞ் சமாதானம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் நிற்பான்வரை வரும். அண்டை நிற்பவன் கையைத் தொடாது அதனைப் பெறுதல் இயலாது. அறநூல் பல ஓதியும் வாராத பாடம் ஈண்டுக் கைவழியே வருகின்றது. இத்துணையும் யாம் உடன்படுவேம்.

ஆயின் வடக்குப்பட்டை அடுத்த ஒரகடத்துத் தொழிற்சாலைகட்குப் பல மாநிலத்து இளைஞர் வருகின்றனர். கழுத்தட்டையின் எண்ணே அவர்க்கு அடையாளம். மொழியறியா ஊரில் வாடகையறையில் உறங்குவர். உறவு வாய்க்கப்பெறாத அவன் இன்னும் ஆளாகவில்லை என்பதா? பேச்சிழந்த நோயாளியை என்னென்பது? சிசியூலாஸ் இவர்களை இகழ்ந்தாரல்லர். எனினும் அவர் வகுத்த வகை அம்முடிபிற்கு வாயிலைத் திறந்து வைக்கின்றது. உயிர் சார்ந்ததன் தன்மையை எய்தும் என்பது சித்தாந்திகட்கும் உடன்பாடே. ஆனால் சார்பு தன்மையைத் தருமேயன்றி உயிரைத் தருவதன்று.

மூலநூலும் இவர்க்குத் துணையாகவில்லை. பசிலியார் பெயரால் வழங்குவதும் நீசா நகர்க் கிரகோரியார் எழுதியதெனப் பலர் கொள்வதுமான 38ஆந் திருமுகம், ‘மனிதன்’ பொதுப்பெயர், ‘பவுல்’ சிறப்பியல்புகளாற் பிரித்தறியப்படுவான் பெயர் என்றே விளக்கும். தனியொருவனைத் தள்ளி ஆளைக் கொள்ளும் வேறுபாடு ஆண்டில்லை. லூசியன் துர்ச்செஸ்கு 2002இல் இத்தகைய தடையையே எழுப்பினார். அஃது எமக்கு வலிதாகவே தோன்றுகின்றது.

அக்கிரகோரியாரே பிரசங்கி ஆகமத்தின் நான்காம் விரிவுரையில் அடிமை வாணிகத்தைக் கடிந்தனர். இறைவன் சாயலுக்கு யார் விலையிட வல்லார் என்பது அவர் வாதம். சந்தையில் நிறுத்தப்பட்டவன் யாரோடும் உறவெய்தி அச்சாயலைப் பெற்றானல்லன். விலைபேசும் அந்நொடியிலும் அஃது அவன்கண் உளது. மனிதப் படைப்பைப் பற்றிய நூலில் மனிதவினம் முழுதும் அச்சாயலே என்றனர். இவர் கொள்கையைத் தில்லிப் பேராயராயிருந்த பவுலோஸ் மார் கிரகோரியோஸ் (1922–1996) 1980இல் வெளிவந்த ‘காஸ்மிக் மேன்’ என்னும் நூலில் ஆராய்ந்தனர். யன்னராஸைத் தொடுவார் அதனை முன்னர்ப் பயில்வது நன்று.

தமிழில் ‘ஆள்’ அடிமைக்கும் பெயர்; ஆளோலை என்னும் வழக்கே சான்று. கூலிக்கு வருவானும் ஆளே. உறவால் உயர்ந்தானுக்கு மட்டும் அச்சொல்லை ஒதுக்க விழையும் மொழிபெயர்ப்பாளர் வேறொரு சொல்லைத் தேடல் வேண்டும்.