யூனியன் பெர்லின்: 2023 கோடையின் கணக்கு

2023 மே 27 அன்று, சீசனின் கடைசி ஆட்டத்தில் வெர்டர் பிரேமனுக்கு எதிராக ரானி கெடிரா ஒரு கோல் அடித்தார். ஜெர்மன் கால்பந்து கிளப்பான யூனியன் பெர்லின் சாம்பியன்ஸ் லீக்குக்குள் நுழைந்தது. 2024 மே 18 அன்று, மறுபடியும் சீசனின் கடைசி ஆட்டம், மறுபடியும் அதே மைதானம். 90 நிமிடம் முடிந்த பிறகு விழுந்த ஒரு கோல்தான் இம்முறை அந்த கிளப்பை, இரண்டாம் பிரிவின் மூன்றாம் இட அணியோடு மோதித் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலையிலிருந்து மீட்டது. முதல் ஆண்டில் 62 புள்ளிகள், நான்காம் இடம். அடுத்த ஆண்டில் 33 புள்ளிகள், 15ஆம் இடம். 34 ஆட்டங்கள் கொண்ட ஒரு லீக்கில், ஒரே ஆண்டில் 29 புள்ளிகள் காணாமல் போயின.

இந்தச் சரிவுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அதிகம் எடுபட்டது, கிளப் தன் ஆன்மாவை விற்றுவிட்டது என்பது. தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த எளிய கிளப் பணத்தையும் பெயரையும் தேடிப் போனது, அதற்கான தண்டனை கிடைத்தது என்று கதை முடிகிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2023 கோடையில் பிழை நடந்தது உண்மை. ஆனால் அது எங்கே நடந்தது என்பதைச் சரியாகக் காட்டாவிட்டால், அந்த கிளப் கட்டி எழுப்பியதன் அருமையும் நமக்குப் பிடிபடாது.

யூனியனின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவது உடலுழைப்பு. பெர்லினின் தென்கிழக்கே ஓபர்ஷோனவைடே என்ற ஆலைப் பகுதியில் 1906இல் தொடங்கிய ஒரு கழகத்தின் வழியில் வந்தது இது. இன்றைய பெயரோடு கிழக்கு ஜெர்மனியில் 1966 ஜனவரி 20 அன்று நிறுவப்பட்டது. இரண்டே ஆண்டில் கார்ல் சைஸ் யேனாவை 2-1 என வென்று கிழக்கு ஜெர்மனியின் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த வெற்றி தந்த ஐரோப்பிய வாய்ப்பு, பிராகுக்குள் சோவியத் தலைமையிலான டாங்கிகள் புகுந்ததைத் தொடர்ந்து எழுந்த அரசியல் மோதலில் கைநழுவியது. பிறகு வந்த நெடுங்காலத்தில், ரகசியப் போலீஸின் தலைவர் எரிஷ் மீல்கேயின் ஆதரவு பெற்ற பி.எஃப்.சி. டைனமோ 1979 முதல் 1988 வரை பத்துத் தடவை தொடர்ந்து லீக் பட்டம் வென்றது. யூனியன் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக இருந்தது. ஜெர்மனி இணைந்த பிறகும் நிலை மாறவில்லை. இரண்டாம் பிரிவுக்குத் தகுதி பெற்ற 1993இல், போலி வங்கி உத்தரவாதம் தந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டு உரிமம் மறுக்கப்பட்டது.

2004இல் உரிமத்துக்காக 14.6 லட்சம் யூரோ உத்தரவாதம் காட்ட வேண்டியிருந்தது. ரசிகர்கள் இரத்த வங்கிக்குப் போய் இரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்பிடம் சேர்த்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, காடு சூழ்ந்த ஆல்ட்டே ஃபோர்ஸ்டராய் மைதானம் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாமல் போனபோது, 2,000க்கும் மேற்பட்டவர்கள் கூலி வாங்காமல் ஏறத்தாழ 1,40,000 மணி நேரம் வேலை செய்து அதைப் புதுப்பித்தார்கள். காங்கிரீட் ஊற்றியவர்களும் கம்பி கட்டியவர்களும் பிறகு அதே படிகளில் ஏறி நின்றார்கள். 22,012 பேர் கொள்ளும் அந்த மைதானத்தில் உட்காரும் இருக்கைகள் 3,617 மட்டுமே. மற்றவர்கள் நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். கையால் எண்களை மாற்றும் பழைய ஸ்கோர் பலகையை அவர்கள் அகற்றவில்லை. மைதானம் திறக்கப்பட்டது 2009 ஜூலை 8 அன்று, பெர்லினின் மற்றொரு கிளப்பான ஹெர்த்தாவுக்கு எதிரான ஒரு நட்பு ஆட்டத்தில். 3-5 எனத் தோற்றார்கள். சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டத்தின் முடிவை யாரும் நினைவில் வைப்பதில்லை என்பார்கள்; மைதானம் இருக்கும் கோப்பனிக்கில் அந்த ஆட்டத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

2018இல் சுவிட்சர்லாந்தின் ஊர்ஸ் ஃபிஷர் பயிற்சியாளராக வந்தார். ஓராண்டுக்குள் ஸ்டுட்கார்ட்டைத் தாண்டி முதல் பிரிவுக்கு ஏறினார்கள். அதன் பிறகு 41, 50, 57, 62 என ஒவ்வொரு சீசனிலும் புள்ளி கூடியது. 2022-23 முழுவதும் சொந்த மைதானத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளுகிறவர்கள் ஃபிஷரின் ஆட்டத்தை நின்று கவனித்ததில்லை. மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் நெருக்கமாக ஒரு நடுக்களம், பந்து எதிரணியிடம் இருக்கும்போது பத்துப் பேரும் ஒரே அடியில் இடம் மாறுவது, பந்து கிடைத்ததும் ஷெரால்டோ பெக்கரின் வேகத்துக்கு நீளமாக அனுப்புவது, ஃப்ரீ கிக்கிலும் கார்னரிலும் தலையால் கோல் அடிப்பது. பந்தை வைத்திருக்கும் நேரத்தில் லீக்கின் கடைசி அணிகளோடு இருந்துகொண்டு, புள்ளிப் பட்டியலில் முதல் ஆறு பேரோடு நின்றார்கள்.

இப்படி ஓர் ஆட்டம் திறமையை விடப் பழக்கத்தின் மேல் நிற்கிறது. பக்கத்தில் நிற்பவர் எப்போது முன்னேறுவார், எப்போது பின்வாங்குவார் என்பது யோசிக்காமலே காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் உருவாவது ஜூலையை ஒட்டிய ஆறேழு வாரங்களில். காலையில் ஓட்டம், மாலையில் ஒரே நகர்வை இருபது தடவை செய்வது, கீழ்ப்பிரிவு அணிகளோடு நட்பு ஆட்டங்கள், நடுவில் ஒரு முகாம். பெரிய கிளப்புகள் இந்த வாரங்களை அமெரிக்காவிலோ ஆசியாவிலோ காட்சி ஆட்டங்களில் கழித்தாலும் பெரிதாக இழப்பதில்லை. தனி வீரர்களின் திறமை அவர்களைத் தாங்கும். யூனியனுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் சீசன் முழுவதும் செலவழிப்பது ஜூலையில் சேர்த்ததை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு 2023ஐப் பார்க்க வேண்டும். சாம்பியன்ஸ் லீக் பணம் வரப்போகிறது என்ற நிலையில், விளையாட்டுப் பிரிவின் பொறுப்பாளர் ஆலிவர் ரூனர்ட் வீரர்களை வாங்கும் சந்தைக்குப் போனார். செல்சியிடமிருந்து டேவிட் தாத்ரோ ஃபோஃபானா, லீட்ஸிடமிருந்து பிரெண்டன் ஆரன்சன், ஸ்பார்டக் மாஸ்கோவிடமிருந்து அலெக்ஸ் க்ரால் ஆகியோர் கடனாக வந்தார்கள். அண்டை எதிரி ஹெர்த்தாவிலிருந்து லூக்காஸ் தூசார் வந்தார். ஆகஸ்டு நடுவில் இன்டர் மிலானின் ராபின் கோசன்ஸ். ஆகஸ்டு கடைசியில் மொனாக்கோவின் கெவின் ஃபோலாண்ட். சந்தை மூடும் வேளையில், யுவென்டஸ் ஒதுக்கிவிட்ட 36 வயது லியோனார்டோ பொனூச்சி. பட்டியலின் பெரிய பெயர்கள் மூவரும் வந்து சேர்ந்தபோது தயாரிப்பு வாரங்கள் முடிந்திருந்தன. பொனூச்சி வந்தபோது லீக்கே தொடங்கியிருந்தது.

பெரிய பெயர்களை எடுத்ததுதான் தவறு என்ற வாதம் இங்கே உடைகிறது. யூனியன் இதற்கு முன்பும் பெயர் பெற்றவர்களை எடுத்திருக்கிறது. 2019இல் கிறிஸ்டியான் கென்ட்னரும் நெவென் சுபோட்டிச்சும் வந்தார்கள். முதல் சீசனிலேயே கிளப் நிலைத்து நின்றதில் இருவருக்கும் பங்கு உண்டு. 2020இல் வந்த மக்ஸ் க்ரூஸ, அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் லைப்ஸிகுக்கு எதிராகக் கடைசி நேரக் கோல் அடித்து அணியை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனார். ஓரிருவராக வந்த அவர்களை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அணி தன்னோடு இழுத்துக்கொண்டது. சுபோட்டிச்சும் கென்ட்னரும் ஜூலையிலேயே பயிற்சிக் களத்தில் இருந்தார்கள். 2023இல் வந்தவர்கள் எண்ணிக்கையிலும் அதிகம், நேரத்திலும் பிந்தினார்கள். அதற்கான முன்னறிகுறி 2023 ஜனவரி 31 அன்றே தெரிந்தது. ரியல் மாட்ரிட்டின் முன்னாள் நட்சத்திரம் இஸ்கோ பெர்லினுக்கே வந்து மருத்துவப் பரிசோதனை வரை போய், சந்தையின் கடைசி நாளில் ஒப்பந்தம் முறிந்து திரும்பினார். கடைசி நாள் பேரத்தை விட்டு விலகியிருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தச் சம்பவம் தந்தது. ஏழு மாதம் கழித்து அதே கடைசி நாட்களில் கிளப் மறுபடி நின்றது.

எதிர்வாதங்களும் எடை உள்ளவை. முதல் இரண்டு ஆட்டங்களில் மைன்ஸையும் டார்ம்ஸ்டாட்டையும் 4-1, 4-1 என வென்றார்கள். மைன்ஸுக்கு எதிராக கெவின் பேரன்ஸ் தன் மூன்று கோலையும் தலையால் அடித்தார். டார்ம்ஸ்டாட்டில் கோசன்ஸ் இரண்டு அடித்தார். தயாரிப்பு கெட்டிருந்தால் இந்தத் தொடக்கம் எப்படி என்று கேட்கலாம். அந்த இரண்டு வாரங்களில் ஆடியது பெரும்பாலும் பழைய அணிதான் என்பது என் பதில். செப்டம்பர் 3 அன்று லைப்ஸிகிடம் 0-3 எனத் தோற்றதிலிருந்து எல்லாப் போட்டிகளிலும் சேர்த்துத் தொடர்ச்சியாக 12 தோல்விகள். லீக்கை மட்டும் தனியாகப் பார்த்தால், தொடர்ச்சியாக ஒன்பது.

அதிர்ஷ்டமும் கைவிட்டது. சாம்பியன்ஸ் லீக்கில், ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் 94ஆம் நிமிடம் வரை தாக்குப்பிடித்து ஜூட் பெல்லிங்ஹாமின் கோலில் தோற்றார்கள். போர்ச்சுகலின் பிராகாவுக்கு எதிராக பெக்கரின் இரண்டு கோலில் 2-0 என முன்னிலை பெற்று, 94ஆம் நிமிடக் கோலில் 2-3 எனத் தோற்றார்கள். ஒருமுறை நடந்தால் துரதிர்ஷ்டம் எனலாம். டார்ட்முண்டில் இடைவேளையில் 2-1 என முன்னிலை வகித்து 4-2 எனத் தோற்றதையும் சேர்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. முன்னிலையைக் காப்பதுதான் பழைய யூனியனின் கைத்தொழில். அது போய்விட்டிருந்தது. அந்த ஆட்டத்தில் டார்ட்முண்டின் நான்காவது கோலை அடித்தவர் யூலியன் ரியர்சன். 2023 ஜனவரியில் யூனியன் விற்ற வீரர்.

மைதானத்தைப் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் கூர்மையானது. சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களைத் தன் காட்டு மைதானத்தில் நடத்தாமல் மேற்கு பெர்லினின் ஒலிம்பிக் மைதானத்துக்கு மாற்றினார் தலைவர் டிர்க் சிங்லர். உறுப்பினர் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டியிருந்த நேரம் அது. எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்களில் பாதிப் பேரை வெளியே நிறுத்துவது அந்த கிளப்பின் இயல்புக்குப் பொருந்தாது என்பதால் அந்தக் காரணத்தை மதிக்கிறேன். பிராகா ஆட்டத்துக்கு 73,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அங்கே நடந்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றது உண்மை. ஆனால் லைப்ஸிக், ஹோஃபன்ஹைம், ஸ்டுட்கார்ட், ஃபிராங்க்ஃபர்ட் ஆகியோரிடம் அதே இலையுதிர்காலத்தில் ஆல்ட்டே ஃபோர்ஸ்டராயிலேயே தோற்றார்கள், நான்கிலும் ஒரு கோல்கூட அடிக்காமல். வீட்டிலும் தோற்ற அணிக்கு மைதான மாற்றம் காரணமாக முடியாது.

வாரம் இரண்டு ஆட்டம் என்ற சுமையையும் காரணமாக ஏற்க முடியாது. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் ஐரோப்பியப் போட்டிகளோடுதான் புள்ளியைக் கூட்டினார்கள். அந்தச் சுமை வேறொரு வகையில் தீங்கு செய்தது. செப்டம்பர் நடுவுக்குப் பிறகு புதியவர்களைப் பழக்கப் பயிற்சி நாளே கிடைக்கவில்லை. ஜூலையில் விட்டதை அக்டோபரில் பிடிக்க வழியில்லாமல் போனது.

ஃபிஷருக்கும் பங்கு உண்டு. வந்தவர்களை வெளியே உட்கார வைத்துப் பழைய அணியோடே போகும் துணிவு அவருக்கு வரவில்லை. வந்தவர்களுக்கு ஏற்ற புதிய ஆட்டத்தையும் அவர் கட்டவில்லை. நாப்போலி ஆட்டத்தில் மாற்றப்பட்ட ஃபோஃபானா அவர் கையைக் குலுக்க மறுத்து, சில நாள் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஒழுங்கு குலைவது வெளியே தெரிந்த தருணம் அது. லெவர்குசனிடம் 0-4 எனத் தோற்ற பிறகு, நவம்பர் 15 அன்று, இரு தரப்பும் பேசிப் பிரிந்தன. அத்தனை தோல்விக்கு நடுவிலும் ரசிகர்கள் ஒருநாளும் தங்கள் வீரர்களைப் பார்த்து விசிலடிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் நின்று பாடினார்கள். அதை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்குவது பிசகு. ஒரு பயிற்சியாளருக்கு நேரம் கொடுக்கக் கிளப்புக்குத் துணிவு தந்தது அந்தக் கேலரிதான். அடுத்து வந்த நெனாட் பியெலிட்சா 20 லீக் ஆட்டங்களில் 23 புள்ளி எடுத்தார். அவரை இரண்டு ஆட்டம் மிச்சமிருக்க அனுப்பிவிட்டு, மார்கோ குரோட்டையிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

எனவே பொறுப்பை இப்படிப் பிரிக்கிறேன். பெரும்பங்கு சந்தையை நடத்தியவர்களுக்கு: எதை எடுத்தார்கள் என்பதைவிட எப்போது, எத்தனை பேரை எடுத்தார்கள் என்பதற்காக. அடுத்த பங்கு ஃபிஷருக்கு. ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனதற்கும், மேலே ஏற ஆசைப்பட்டதற்கும் பங்கே இல்லை. இத்தனை உழைத்து ஏறிய கிளப்பைப் பார்த்து, உன் இடம் கீழேதான் என்று சொல்பவர்கள் அதை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. கோசன்ஸ் ஒருவரே கொடுத்த விலைக்குத் தகுந்தபடி ஆடினார். பொனூச்சியும் ஃபோஃபானாவும் 2024 ஜனவரியிலேயே கிளம்பினார்கள். அதே ஜனவரியில் பெக்கரும் பேரன்ஸும் விற்கப்பட்டது, பழைய அணியின் மேல் விழுந்த இரண்டாவது அடி.

2024 மே 18 அன்று ஃப்ரைபர்குக்கு எதிராக நடந்த அந்தக் கடைசி ஆட்டத்தின் 2-1 கணக்கே என் தீர்ப்புக்குச் சாட்சி. முதல் கோலை அடித்த பெனடிக்ட் ஹோலர்பாக், 2023 கோடையில் வேஹன் வீஸ்பாடனிலிருந்து அதிகச் சத்தமில்லாமல் வந்தவர். கடைசியில் கிடைத்த பெனால்ட்டியை ஃபோலாண்ட் அடித்தார், உள்ளே போகவில்லை. திரும்பி வந்த பந்தை வலைக்குள் தள்ளிய யானிக் ஹாபெரர், 2022 கோடையில் அதே ஃப்ரைபர்கிலிருந்து மாற்றுத்தொகை எதுவும் இல்லாமல் வந்து, ஃபிஷரோடு முழுத் தயாரிப்பும் செய்தவர்.