குப்பிக்குள் ஒரு கவசம்

ஆர்கானிக் கடையொன்றின் கல்லாவுக்குப் பக்கத்தில், கடலை மிட்டாய்ப் பொட்டலங்களை ஒட்டி அந்தக் குப்பிகள் அடுக்கியிருந்தன. துளசி, மஞ்சள், ஸ்பைருலினா, ஜின்கோ, 60 கேப்ஸ்யூல்கள். முகப்பில் ஒரு செல்போன் டவர், அதன் அலைகளை மறித்து நிற்கும் ஒரு பச்சை இலை, ‘அன்றாடக் கதிர்வீச்சிலிருந்து இயற்கைக் கவசம்’ என்ற வாசகம். பின்புறத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. அது சட்டம் கேட்கும் வரி. அதை மட்டும் வைத்து ஒரு பொருளைத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். இந்தக் கூற்றுக்குப் பின்னால் ஆய்வுக் கட்டுரைகள் உண்மையிலேயே உண்டு. எடை போட வேண்டியது அவற்றைத்தான்.

கூற்றைப் பிரித்தால் மூன்று கண்ணிகள் கிடைக்கும். செல்போன், வைஃபை அலைகள் அன்றாட அளவிலேயே உடலைப் பாதிக்கின்றன. அந்தப் பாதிப்பு ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் வழியே, அதாவது செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் வினைகள் மிகுவதால், நடக்கிறது. தாவரச் சத்துகள் அதை மனித உடலில் தணிக்கின்றன. விற்பவர்கள் நடுக்கண்ணியைத்தான் கையில் எடுத்துக் காட்டுவார்கள். காரணம் உண்டு, இருப்பதில் வலுவானது அதுதான்.

துருக்கி ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஜின்கோ ஆய்வு நடுக்கண்ணிக்கான ஆய்வுகளின் நல்ல மாதிரி. 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலை, நாளுக்கு ஒரு மணி நேரம், ஏழு நாள். எலிகளின் மூளைத் திசுவில் ஆக்சிஜனேற்றச் சிதைவின் அடையாளங்கள் கூடின. ஜின்கோ சாறு பெற்ற எலிகளில் அந்த உயர்வு தடுக்கப்பட்டது. மெலடோனினை வைத்தும், தேனீப் பிசினில் உள்ள ஒரு சேர்மத்தை வைத்தும் இதே வார்ப்பில் ஆய்வுகள் வந்தன. கேள்வி தெளிவானது, ஒப்பீட்டுக் குழு உண்டு, அளந்தது உயிர்வேதிப் பொருளை. இவை மெய்யான தகுதிகள். ஆனால் எலிக்குள் எவ்வளவு ஆற்றல் இறங்கியது என்ற கணக்கில் இந்த வகை ஆய்வுகள் பல தடுமாறுகின்றன. அசையவிடாமல் அடைத்துவைத்த எலியின் பதற்றமே அதே அடையாளங்களை உயர்த்தக்கூடும் என்பது இன்னொரு சிக்கல். உலக சுகாதார நிறுவனத்துக்காக நடந்து 2024இல் வெளியான மீளாய்வு ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றிய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது. பெரும்பாலான இடங்களில் சான்றின் உறுதி ‘மிகக் குறைவு’ என்பது அதன் கணிப்பு. பொய் என்று அது சொல்லவில்லை. இவ்வளவு மெல்லிய தளத்தின் மேல் கடை கட்ட முடியாது என்பதுதான் அதன் பொருள்.

முதல் கண்ணிக்கு வருவோம். அதே ஆண்டு, அதே நிறுவனத்துக்காக 63 ஆய்வுகளைத் தொகுத்த மற்றொரு மீளாய்வு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. எதிர்த்தரப்பின் சிறந்த சாட்சி அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டத்தின் 2018 அறிக்கை. ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் வந்ததற்குத் ‘தெளிவான சான்று’ உண்டு என்று அது எழுதியது. உழைப்பு மிகுந்த, மதிக்கத்தக்க ஆய்வு. ஆனால் எலிகள் நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு ஆண்டுகள், உடல் முழுவதும், கிலோவுக்கு 6 வாட் வரை அலைகளை ஏற்றன. பொதுமக்களின் முழு உடலுக்கான பன்னாட்டு வரம்பு கிலோவுக்கு 0.08 வாட். போதாததற்கு, அலைபட்ட ஆண் எலிகள் அலைபடாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன!

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முரண் இங்கேதான் இருக்கிறது. அதே நச்சியல் திட்டம் ஐந்தாண்டுகள் முன்னதாக, 2013இல், வேறொரு பொருளைச் சோதித்து அறிக்கை தந்தது. அந்தப் பொருள் ஜின்கோ சாறு. சுண்டெலிகளின் கல்லீரலில் புற்று வந்ததற்குத் ‘தெளிவான சான்று’ என்று அதே சொற்களில் எழுதியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 2011இல் ‘2பி’ பிரிவில், அதாவது புற்றை உண்டாக்கும் வாய்ப்பிருக்கலாம் என்ற பட்டியலில் வைத்தது. பின்னர் ஜின்கோ சாற்றையும் அதே பட்டியலில் சேர்த்தது. நோய்க்காரணம் என்று காட்டப்படுவதும் காப்பு என்று விற்கப்படுவதும் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. சுண்டெலிக்குக் கொடுத்த அளவு மிக அதிகம் என்று விற்பவர் வாதிடலாம். அது நியாயமான வாதம். ஆனால் அளவைக் காட்டிச் சுண்டெலியைத் தள்ளுகிறவர் செல்போன் எலியையும் தள்ளியாக வேண்டும். டவர் படம் போட்ட முகப்பு அப்போது எதற்கு?

துளசியின் கதை வேறு. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் துளசியிலிருந்து ஓரியன்டின், வைசெனின் என்ற சேர்மங்களைப் பிரித்து, காமாக் கதிர் பட்ட சுண்டெலிகளை அவை காப்பதாகக் காட்டினார்கள். நம் நாட்டில் நடந்த நல்ல வேலை அது. குப்பி அந்தப் பெருமையை இரவல் வாங்கிக்கொள்கிறது, கேட்காமலே. காமாக் கதிர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும். அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளிடம் இருப்பது அதில் 25 லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால் நேரும் வகைமைப் பிழை இது. விற்பனைக்கு மிக வசதியான பிழை.

மூன்றாம் கண்ணியில், எலியில் பலித்தது மனிதரில் பலிக்குமா என்ற இடத்தில், துறையின் பழைய வடு ஒன்று உண்டு. ஃபின்லாந்தில் புகைப்பிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட்டான பீட்டா கரோட்டினைப் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே காப்பு என்ற கணக்கு அன்றே உடைந்துவிட்டது.

ஆகவே தீர்ப்பு: ஆய்வுகள் தொடரத் தகுந்தவை, ‘கவசம்’ என்ற சொல்லுக்கு உரிமை இல்லை. சமையலில் மஞ்சளும் முற்றத்தில் துளசியும் வேறு காரணங்களுக்காக இருந்துவிட்டுப் போகட்டும்.

குப்பிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் உபயோகிக்கும் முறை இருந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின். அதற்குக் கீழே இன்னொரு வரி: பேசும்போது ஸ்பீக்கரில் போடுங்கள், தூங்கும்போது போனைத் தலையணையிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த வரியில் மட்டும் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. தூரம் கூடினால் அலையின் வலு சட்டென்று குறையும். அதற்குக் கேப்ஸ்யூல் வேண்டாம்.