மீதி 88 பந்துகள்

காசிமேட்டில் இரவு ஒன்றரை மணி என்றால் மீன் ஏலத்துக்கு ஆள் சேரும் நேரம். 2023 மே 30 அதிகாலையில் அந்தப் பரபரப்பு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்தபடி கட்டிக் கிடந்தன. கடலுக்குப் போக வேண்டிய அவசரம் இல்லாததால் மொத்தப் பேட்டையும் விழித்திருந்து சென்னை–குஜராத் இறுதிப்போட்டியைப் பார்த்தது. ஜியோசினிமாவில் அந்த வருஷம் ஐ.பி.எல். இலவசம். ஒரு போனுக்கு ஆறு தலை.

ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்ததும் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. ராயபுரத்தில் மாடிக்கு மாடி பட்டாசு, விசில். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளையும் எழுப்பித் தூக்கிக்கொண்டு வந்து ஆட வைத்தார்கள். சென்னைக்கு ஐந்தாவது கோப்பை, மும்பைக்குச் சமம். நானும் ஆடினேன், மறுக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து இன்றுவரை எல்லோரும் அந்த இரண்டு பந்தையே பேசுவதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அதற்கு முன்னால் 88 பந்துகள் இருந்தன.

28-ம் தேதி நடக்க வேண்டிய இறுதிப்போட்டி மழையால் 29-க்குத் தள்ளிப்போனது. அன்று குஜராத் அடித்தது 214. அதுவரை எந்த ஐ.பி.எல். இறுதியிலும் அவ்வளவு ரன் வந்ததில்லை. கில் மூன்று ரன்னில் இருந்தபோது தீபக் சாஹர் கேட்சை விட்டார். அந்த சீசனில் 890 ரன் அடித்தவரை விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. 39-ல் தோனி ஸ்டம்பிங் செய்து காப்பாற்றினார். நிஜமான அடி நம்ம ஊர்ப் பையனிடமிருந்து வந்தது: சாய் சுதர்சன், 47 பந்தில் 96. மஞ்சள் சட்டை போட்ட பதினொரு பேரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை; சென்னையை வெளுத்தவரோ சென்னைக்காரர். திட்டுவதா, கைதட்டுவதா என்று புரியாமல் எங்கள் ஆட்கள் இரண்டையும் செய்தார்கள்.

சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. நள்ளிரவு தாண்டி ஆட்டம் தொடங்கியபோது கணக்கு மாறியிருந்தது: 15 ஓவரில் 171. ஓவருக்கு 11.4. குஜராத் அடித்த வேகத்தைவிட அதிகம்தான். ஆனால் பத்து விக்கெட்டையும் 20 ஓவருக்குப் பதில் 15 ஓவரில் செலவழிக்கலாம். இன்னொன்று, ஒரு பௌலருக்கு மூன்று ஓவர்தான். அந்த சீசனில் ஷமி 28, ரஷீத் கான் 27, மோகித் 27 விக்கெட் எடுத்தவர்கள். மூவருக்கும் தலா ஒரு ஓவர் குறைந்தது சென்னைக்கு லாபம். மழை நமக்கு எதிரி என்று அன்று புலம்பியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

கான்வேயும் ருதுராஜும் 6.3 ஓவரில் 74 எடுத்தார்கள். நூர் அகமது ஒரே ஓவரில் இருவரையும் தூக்கினார். மூன்று ஓவரில் 17 ரன், 2 விக்கெட். சேஸிங் படுத்துவிடும் இடம் இதுதான். ரஹானே படுக்க விடவில்லை. ஐம்பது லட்சத்துக்கு ஏலம் போன மனிதர், 13 பந்தில் 27. அவருடைய அந்த ஆட்டத்துக்கு ஒரு கட்-அவுட்கூட யாரும் வைக்கவில்லை.

என்னைக் கேட்டால் கோப்பை ரஷீத் கானிடமிருந்து பறிக்கப்பட்டது. மூன்று ஓவரில் 44 ரன், விக்கெட் இல்லை. ஆபத்தான பௌலரை 'தடவி' ஆடிவிட்டு மற்றவர்களை அடிப்பதுதான் வழக்கம். சென்னை அவரையே அடித்தது. பன்னிரண்டாவது ஓவரில் துபே அவருக்கு அடுத்தடுத்து இரண்டு சிக்ஸ் வைத்த பிறகுதான் 18 பந்தில் 38 என்று கணக்கு கைக்குள் வந்தது. கடைசி ஐ.பி.எல். மேட்ச் ஆடிய ராயுடு, மோகித் பந்தில் 6, 4, 6. அடுத்த பந்தில் அவுட். அதற்கடுத்த பந்தில் தோனி, முதல் பந்திலேயே அவுட்.

என்னோடு பார்த்துக்கொண்டிருந்த ஃபைபர் போட்டுக்கார அண்ணன் அப்போது எழுந்தார். "தலயே பூட்டாரு, இன்னும் இன்னாடா மேட்ச்சு" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கடைசி ஓவரில் 13 வேண்டும். மோகித் பழைய சென்னை ஆள்; 2014-ல் மஞ்சள் சட்டையில் அதிக விக்கெட்டுக்கான ஊதாத் தொப்பி வாங்கியவர். முதல் நான்கு பந்தில் மூன்றே ரன், எல்லாம் காலடியில் யார்க்கர். அப்புறம் குஜராத் கேப்டன் ஹர்திக் வந்து பேசினார், டக்அவுட்டிலிருந்து தண்ணீர் வந்தது. நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன பேச்சு என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஐந்தாவது பந்தில் யார்க்கர் துளி தவறியது, நேரே சிக்ஸ். ஆறாவது கால் பக்கம் போனது. கேரம் ஆடுகிற ஊர்க்காரனுக்கு அந்த ஷாட் பழகியது: காயை லேசாகத் தொட்டால் போதும், பாக்கெட் தானாக வாங்கிக்கொள்ளும்.

பட்டாசுச் சத்தம் கேட்டு அண்ணன் வெறுங்காலோடு ஓடி வந்தார். "யார்ரா அடிச்சது?" என்றார். சொன்னோம். நம்பாமல் போனைப் பிடுங்கி ரீப்ளே பார்த்தார். அன்றிலிருந்து அவரிடம் யாராவது கேட்டால், மேட்ச்சை லைவாகப் பார்த்ததாகத்தான் சொல்கிறார்.