பெயரில் எழுத்தைச் சொல்லாத எழுத்துருக்கள்

கோலார் தங்கவயலில் கடைப்பலகை வடிவமைப்பவருக்குத் தமிழும் வேண்டும், கன்னடமும் வேண்டும். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகும் அங்குள்ள ராபர்ட்சன்பேட்டைத் தெருக்களில் தமிழ் ஓயவில்லை. பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்கவேண்டும் என்று 2024-ல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. இந்த வேலையை லினக்ஸ் இயங்குதளங்களான டெபியனிலோ உபுண்டுவிலோ செய்ய உட்காருபவர் முதலில் பார்ப்பது எழுத்துருப் பொதிகளின் (நிறுவும் தொகுப்புகளின்) பெயர்களைத்தான்.

டெபியன் முன்பு டிடிஎஃப், ஓடிஎஃப் என்று கோப்பு வகையைப் பெயரின் முன்னால் ஒட்டியது. கோப்பு வகை மாறினால் பெயரும் பொய்யாகிவிடும். அதைக் கைவிட்டு பெரும்பாலானவற்றை ‘ஃபான்ட்ஸ்’ என்று தொடங்கியது நல்ல திருத்தம். லோஹித் எழுத்துருக்களின் பொதிப்பெயர்கள் ஐஎஸ்ஓ 15924 தரும் நான்கெழுத்துக் குறியில் முடிகின்றன: தமிழுக்கு ‘டிஏஎம்எல்’, கன்னடத்துக்கு ‘கேஎன்டிஏ’. இவை குறிப்பது மொழியை அல்ல, எழுத்தை. துளுவும் கொங்கணியும் கன்னட எழுத்தில் எழுதப்படும் மாநிலத்தில் இந்தத் துல்லியத்துக்கு மதிப்பு உண்டு.

ஆனால் பெயர்ப்பட்டியலில் ‘தமிழ்’ என்று தேடுபவர் கண்ணில் அந்தக் குறி படாது. பொதியின் விவரத்தையும் சேர்த்துத் தேடினால்தான் கிடைக்கும். இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோரா ‘லோஹித்-தமிழ்-ஃபான்ட்ஸ்’ என்று முழுப்பெயரையே வைக்கிறது. புதியவருக்கு அதுவே உதவும் என்பேன்.

குறியைக் கூடக் கற்றுக்கொள்ளலாம். குறி சேர்க்கும் விதி பாதியில் நின்றுபோவதுதான் பெரிய குறை. கன்னடத்துக்கு டெபியனில் ‘ஃபான்ட்ஸ்-குப்பி’ இருக்கிறது, ‘ஃபான்ட்ஸ்-நவிலு’ இருக்கிறது. இரண்டின் பெயரிலும் கன்னடம் இல்லை. நவிலு கையெழுத்துப் பாணி எழுத்துரு. பலகைக்காரருக்கு உடனே பயன்படக்கூடியது. முன்பே கேள்விப்படாதவர் அதைப் பெயரை வைத்துக் கண்டெடுக்க வழியில்லை. ‘ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்’ இன்னும் மோசம்: உலகின் பல எழுத்துகளை ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்றையும் வெளியே சொல்லாமல் விடுகிறது. நோட்டோவையே ஃபெடோரா எழுத்துவாரியாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. தமிழ் மட்டும் வேண்டுபவர் தமிழை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

எல்லாத் தமிழ் எழுத்துருக்களையும் ஒருசேர நிறுவ ‘ஃபான்ட்ஸ்’ என்பதோடு தமிழ்க் குறியை மட்டும் சேர்த்த கூட்டுப்பொதி உண்டு, கன்னடத்துக்கும் உண்டு. தேடும் சிரமத்தை அது பெருமளவு தீர்க்கிறது, குறி தெரிந்தவருக்கு.

பெயரை மாற்றினால் பழைய நிறுவல்கள் உடையும் என்று பராமரிப்பாளர்கள் தயங்குவது நியாயம். ஆனால் டிடிஎஃப் முன்னொட்டை விட்டபோது, பழைய பெயரில் வெற்றுப்பொதி ஒன்றை வைத்துப் புதியதற்கு வழிகாட்டும் முறையை டெபியன் கையாண்டது. குப்பிக்கும் நவிலுவுக்கும் கன்னடக் குறியைச் சேர்க்க அதே முறை போதும்.