உளவுப் பெண்களின் நாவல்கள்: வேலூர்க் கோட்டையிலிருந்து ஒரு பார்வை

ராணிப்பேட்டையில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலூர்க் கோட்டை வந்துவிடும். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் குடும்பத்தாரைக் கும்பினியார் இங்கேதான் காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இவ்வளவும் எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே வம்சத்தில் வந்தவராகச் சொல்லப்படும் நூர் இனாயத் கான், 1943-இல் பிரிட்டனின் ரகசிய முகவராகப் பிரான்சில் இறங்கிய கதை அவ்வளவாகத் தெரியாது. கும்பினியோடு போரிட்டு மாண்டவரின் வழித்தோன்றல், பிரிட்டனுக்காக உயிரைப் பணயம் வைத்தார் என்ற முரணே ஒரு நாவலுக்குப் போதும்.

இரண்டாம் உலகப் போரில் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த போராளிகளுக்குத் துணைநின்ற உளவுப் பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் நாவல்கள் குவிந்திருக்கின்றன. செபாஸ்டியன் ஃபோக்ஸின் ‘சார்லட் கிரே’ (1998) நாயகி, காணாமற்போன விமானிக் காதலனைத் தேடியே பிரான்சில் தங்கிவிடுகிறாள். ஷானா சிங் பால்ட்வின் எழுதிய ‘த டைகர் கிளா’ (2004) நூரையே நாயகியாக்குகிறது. அதிலும் யூதக் காதலனின் பிரிவே அவரை உளவுக்குள் தள்ளுகிறது. காதல் இல்லாமல் ஒரு பெண் சாகத் துணிவாளா என்ற ஐயம் இந்த வகை நாவல்களை விடாமல் பிடித்திருக்கிறது. எலிசபெத் வைனின் ‘கோட் நேம் வெரிட்டி’ (2012) இந்தத் தடத்திலிருந்து விலகியது. இரு தோழிகளின் நட்பே அதன் உயிர். நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் சிக்கியவள் எழுதித் தரும் வாக்குமூலத்தில் எது மெய், எது புனைவு என்று வாசகரே துப்பறிய வேண்டும்.

நூரின் உண்மைக் கதைக்குக் காதல் மெருகு தேவையில்லை. 1914-இல் மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை சூஃபி ஞானியும் இசைக்கலைஞருமான இனாயத் கான், தாய் அமெரிக்கர். பாரிஸ் அருகே வளர்ந்து, 1939-இல் குழந்தைகளுக்காகப் புத்த ஜாதகக் கதைகளை எழுதி வெளியிட்டார். பொய் சொல்லத் தயங்கும் சுபாவம் என்று அவரது பயிற்சியாளர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். 1943 ஜூனில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராகப் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே ‘பிராஸ்பர்’ என்ற பிரிட்டிஷ் உளவு வலையமைப்பு கைதுகளால் சிதைந்தது. திரும்பி வரச் சொல்லியும் மறுத்து, பெட்டிக்குள் அடங்கும் கருவியோடு வீடு மாறி வீடு மாறி லண்டனுக்குச் செய்தி அனுப்பினார். ஓரிடத்தில் நெடுநேரம் ஒலிபரப்பினால், திசையறியும் ஜெர்மானிய வண்டிகள் வாசலுக்கே வந்துவிடும். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். அனுப்பிய செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததால், ஜெர்மானியர் அவர் பெயரிலேயே லண்டனுக்குப் பொய்ச் செய்தி அனுப்ப முடிந்தது. அதை நம்பி வந்திறங்கிய முகவர்கள் பிடிபட்டார்கள். 1944 செப்டம்பரில் டாஹவ் முகாமில் மேலும் மூன்று பெண்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 1949-இல் பிரிட்டனின் ஜார்ஜ் சிலுவை விருது அளிக்கப்பட்டது.

அந்தக் குறிப்பேட்டில்தான் நாவலாசிரியரின் சோதனை இருக்கிறது. துணிவும் பிழையும் ஒரே ஆளிடம் இருந்ததை மூடி மறைக்காமல் எழுதுவது கடினம். ஷ்ரபானி பாசுவின் வாழ்க்கை வரலாறு ‘ஸ்பை பிரின்சஸ்’ (2006) அதைச் செய்கிறது. புனைகதைகள் பெரும்பாலும் இளவரசிப் பிம்பத்திலேயே நின்றுவிடுகின்றன.

தமிழுக்கும் இந்தக் களம் அந்நியமானதல்ல. 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையைத் தலைமையேற்று நடத்தியவர் சென்னையில் பிறந்த மருத்துவர் கேப்டன் லட்சுமி. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். அந்த ராணுவத்துக்காக உளவு வேலை பார்த்ததாகத் தம் நினைவுகளைச் சொன்ன சரஸ்வதி ராஜாமணி 2018-இல் சென்னையில் காலமானார். ஆனால் அந்தப் போரைத் தமிழில் மிகச் சிறப்பாக எழுதிய ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) பாண்டியன் என்ற ஆணின் கதை. படையில் இருந்த பெண்கள் நாவலின் மையத்துக்கு வரவில்லை.

தோட்டத்துப் பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்த பெண்ணை நாயகியாக்கி எழுத, தமிழில் ஆள் வேண்டும். காதலனைத் தேடி அவளை அனுப்ப வேண்டாம். அவளுக்கென்று ஓர் அரசியல் இருந்தது என்பதை நம்பினால் போதும்.